ஆறும் வரை திறக்காதே

வாணலி காலியாக இருந்தது. காலையிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ஆனாலும் மூடி உள்ளேயிருந்து தட்டியது.

டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி பிடித்த கை அப்படியே நின்றது. வெளியே பிற்பகல் வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் அந்தச் சமையலறைக்குள் எட்டிப்பார்க்க அதற்கு வழியில்லை. ஜன்னலை அவள் கணவன் தகரம் அடித்து மூடியதிலிருந்து அங்கே பகலுக்கும் இரவுக்கும் ஒரே ட்யூப் லைட் வெளிச்சம்தான், அந்த வெளிச்சத்தில் எவ்வளவு தேய்த்தும் போகாத கரி சுவரில் ஏறிக் கூரை வரை படர்ந்திருப்பது தெரியும், பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் தீயணைக்கும் பொடியின் நெஞ்சைக் காறவைக்கும் நெடியும் அவளுடைய துணிமணிகளில், தலைமுடியில், தலையணையில்கூடக் குடியேறிவிட்டிருந்தன.

பல்லியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இந்த வீட்டில் குடியிருக்க எந்தப் பல்லிக்குத் தலையெழுத்து என்றும் நினைத்துக்கொண்டாள். மூடியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

சட்டென்று தூக்கினாள். கறுத்த அடி மட்டும் தெரிந்தது. பல்லி இல்லை, பூச்சி இல்லை. மூடியைத் திரும்ப வைத்தபோது அது விளிம்பில் பட்டுச் சத்தம் போட்டது.

ஊருக்கெல்லாம் தீயை அணைக்கச் சொல்லிக்கொடுக்கிறவன், வீட்டில் வாரம் தவறாமல் தீ வைத்தான். தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர்களை விற்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஆபீஸ், பள்ளிக்கூடம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று போய், மைதானத்தில் எண்ணெயைக் கொளுத்தி, கூட்டத்தைச் சுற்றி நிற்கவைத்து, அணைத்துக் காட்டுவான். கைதட்டு விழும். சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியைப் போட்டு மூடுங்கள் என்று அவன் சொல்லும்போது பெண்கள் தலையாட்டிக் கேட்பார்கள். கல்யாணத்தன்று அவளுடைய அக்கா, "உனக்கென்னடி, நல்லா அணைக்கத் தெரிஞ்ச மாப்பிள்ளையாக் கெடைச்சிருக்கார்" என்று காதைக் கடித்ததில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

வீட்டில் வைக்கும் தீக்கு அவன் பயிற்சி என்று பேர் வைத்திருந்தான். எப்போது என்று சொல்ல மாட்டான். அவள் குளித்துக்கொண்டிருப்பாள், அல்லது சோற்றில் கை வைத்திருப்பாள், சமையலறையில் எண்ணெய் புகையும் வாடை வரும், அப்புறம் "தீ!" என்ற கத்தல் வரும். ஈரத்தலையோடு, எச்சில் கையோடு ஓட வேண்டும். அடுப்பை அணை. மூடியைப் போடு. வெளியே வா. கதவைச் சாத்து. தாழ்ப்பாளைப் போடு. ஆறும் வரை திறக்காதே. இதற்காகவே சமையலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பெரிய தாழ்ப்பாளும், கதவின் அடியில் காற்று நுழையாமல் ரப்பர் பட்டையும் வைத்திருந்தான். ஜன்னலில் தகரம் ஏறியதும் இதற்குத்தான். "தீக்குத் தீனி காத்துதான். அதை நிறுத்து, பட்டினி கிடந்து தானா சாகும்" என்பான்.

முதல் தடவை அவள் தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடினாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துவந்து, சுட்டுக்கொண்டிருந்த மூடியின் மேல் அவளுடைய மணிக்கட்டை வைத்து அழுத்தினான். எண்ணெய் தெறித்துவிட்டது என்று டாக்டரிடம் அவனே சொன்னான், அவளுக்குப் பதிலாகக் கண்ணும் கலங்கினான். அன்றைய அலறலுக்கு எதிர்வீட்டுத் தையல்கார அக்கா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்தாள். அவன் சிரித்துக்கொண்டே அவளை உட்காரவைத்து, விளக்கம் சொல்லி, அவள் வீட்டு கேஸ் ட்யூபையும் போய்ப் பார்த்துக் கொடுத்தான். அப்புறம் இந்த வீட்டில் புகை வந்தாலும் அலறல் வந்தாலும் தெருவில் ஒருவரும் தலையைத் திருப்புவதில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் புகையில் எப்படித் தவழ்வது என்று சொல்லிக்கொடுக்க அவளை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டான். ஈரச் சாக்கைக் கருகவிட்டிருந்தான். அவள் தரையோடு தரையாக ஊர்ந்து கதவுக்கு வந்து தட்டினாள். முதலில் இரண்டு கையாலும் தட்டினாள். பிறகு மூச்சு முட்டியதில் கை ஓயத் தொடங்கியது. இரண்டு தட்டு, கொஞ்சம் மூச்சு, இன்னொரு தட்டு. வெளியே அவன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. நானே உள்ள இருந்து கத்தினாலும் திறக்கக் கூடாது. என்ன?"

"சரிப்பா."

அந்தத் தட்டு. வாணலிக்குள்ளிருந்து வந்தது அதே தட்டு.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். தவழும் வயதில் வீட்டைத் தலைகீழாக்கிய பிள்ளை என்பதால் வாலு என்று பேர் நிலைத்துவிட்டது. இப்போது அந்தப் பேருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. செருப்பைச் சுவரோரம் ஒட்டிவைத்தாள், பையை ஆணியில் மாட்டினாள், கூப்பிடும் வரை காத்திருப்பவள் போல வந்து நின்றாள். போன வாரம் அவளுக்குப் பிறந்தநாள். கேக்கை வெட்டிய கையோடு அவன் சொல்லியிருந்தான்: "பெரிய பொண்ணாயிட்ட. வெள்ளிக்கிழமையிலேர்ந்து நீயும் பயிற்சிக்கு வர்ற." இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

தன்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், பிள்ளையின் கையில் அந்த மூடியை மட்டும் கொடுக்கவிடக் கூடாது என்று அவள் வாரம் முழுக்க மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டிருந்தாள். சபதம் போடுவது சுலபமாக இருந்தது.

"வாலு, இந்த வாணலியில ஏதாவது சத்தம் கேட்டியா நீ?"

"தட்டுற சத்தமாம்மா?"

அவள் திரும்பி வாணலியைப் பார்த்தாள்.

"அது தினம் தட்டும். நீ குளிக்கப் போவல்ல, அப்ப."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"இன்னும் ஆறலைல்ல. ஆறுற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரே."

"உள்ள யாருடி இருக்கா, தட்டுறதுக்கு?"

இதுகூடவா தெரியாது என்பது போலப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதாம்மா."

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, கைக்குக் கிடைத்த துணிகளை ஒரு பையில் திணித்தாள். அக்கா வீட்டுக்குப் போய்விடலாம், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, அவன் வருவதற்கு இன்னும் நாழியாகும். மகளின் செருப்பை அவளே குனிந்து மாட்டிவிட்டாள், வார் துளையில் ஏறாமல் விரல் வழுக்கியது. சமையலறையிலிருந்து மறுபடி அந்தச் சத்தம் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் உரக்க, அவர்கள் கிளம்புவது தெரிந்து அவசரப்படுவது போல வந்தது. அவள் காதில் விழாத மாதிரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பையைப் பார்த்தான். பிள்ளையின் காலில் செருப்பைப் பார்த்தான். சிரித்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்? நான் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன், பாப்பாவோட முதல் பாடத்துக்காக."

"வேண்டாங்க. சின்னப் பிள்ளைங்க அது. என்னை எத்தனை தடவை வேணும்னாலும் செய்யச் சொல்லுங்க."

அவன் கதவைச் சாத்திவிட்டுத்தான் அறைந்தான். தெருவுக்கு முகம் காட்டும் விஷயத்தில் அவன் எப்போதுமே ஒழுங்கு. அவள் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கவில்லை. உதட்டில் உப்புக் கரித்தது. பையை அவன் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"உள்ள வா வாலு."

பிள்ளை செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒட்டிவைத்துவிட்டுப் போனாள்.

வாணலியில் எண்ணெய் விழுந்தது. அடுப்பு சீறிப் பற்றியது. எண்ணெய் காயும் வரை மூவரும் நின்றார்கள். முதலில் அது கண்ணாடி போல அசையாமல் இருந்தது, பிறகு அடியிலிருந்து நெளியத் தொடங்கியது, பிறகு விளிம்பில் மெல்லிய நீலப் புகை கிளம்பி, போக இடமில்லாமல் கூரையில் முட்டி, கரிப்படலத்தின் மேலேயே தவழ்ந்து சுவரோரமாகக் கீழே இறங்கியது. சிக்கு வாடை கண்ணைக் கரித்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மகளின் கையில் மூடி இருந்தது, அவளுடைய மார்பளவுக்கு அகலமாக இருந்தது. அவள் அதைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், எதையோ கேட்பவள் மாதிரி.

எண்ணெய் தானாகவே பற்றிக்கொண்டது. பொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மஞ்சள் தீ முழங்கை உயரத்துக்கு நின்றது.

"தீ!" என்று கத்தினான் அவன்.

பிள்ளை பதறவில்லை. அடுப்பின் குமிழைத் திருகினாள். மூடியைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்து, பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடினாள். தீ மறைந்தது. எத்தனை தடவை பார்த்திருந்தாளோ, அம்மாவைவிடச் சுத்தமாகச் செய்தாள். முடிந்தது. தப்பித்தாள் பிள்ளை.

ஆனால் வாலு வெளியே போகவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ. கதவு," என்றான் அவன்.

"தட்டுதுப்பா."

"என்ன தட்டுது?"

டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

அவளுக்கும் கேட்டது. மூடி துள்ளுவதும் தெரிந்தது. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவனுக்குக் கேட்கவில்லை. மழைக்காலத்தில் கதவுக்கு வெளியே நின்றபோதும் அந்தத் தட்டு அவனுக்குக் கேட்டதே இல்லை.

"ஒரு எழவும் தட்டல. பயந்து சாகுற நாய். அம்மா புத்தி." பிள்ளையின் பிடரியைப் பிடித்து அடுப்பை நோக்கி இழுத்தான். "வா. திறந்து காட்டறேன், பாரு."

"திறக்காதீங்க!" அவள் குறுக்கே விழுந்தாள். "ஆறுற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க!"

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

முழங்கையால் இடித்தான். அவள் கதவோரம் போய் விழுந்தாள், தலை நிலையில் மோதியது. அவன் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தான். மைதானத்தில் இதை அவன் நீளக் கம்பின் நுனியில் கரண்டியைக் கட்டி, தடித்த கோட்டும் கண்ணாடியும் மாட்டி, கூட்டத்தைத் தள்ளி நிற்கவைத்துச் செய்வான். எண்ணெய்த் தீயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று காட்டும்போதுதான் கைதட்டு அதிகம். இப்போது அரைக்கைச் சட்டையோடு நின்றான்.

"நாலு சொட்டுதான். பார்த்துக்க. ஜென்மத்துக்கும் மறக்க மாட்ட."

பிள்ளையின் பிடரியிலிருந்து கையை எடுத்து, மூடியைத் தூக்கினான்.

காற்று பட்டதும் எண்ணெய் மறுபடி பற்றியது. அவன் டம்ளரைச் சாய்த்தான். நாலு சொட்டுதான் விழுந்திருக்கும். வாணலி சீறியது. தீ தூணாக எழுந்து கூரையில் முட்டி விரிந்தது, மேலே படிந்திருந்த கரியெல்லாம் பற்றிக்கொண்டது, எரிகிற எண்ணெய் மழையாக இறங்கியது. அவன் சட்டையில். தலைமுடியில். கையில். அவன் கத்தினான். அந்தக் கத்தல் பயிற்சிக்கத்தல் மாதிரி இல்லை. வாணலி கவிழ்ந்தது.

அவளுடைய தழும்பு விழுந்த மணிக்கட்டை ஒரு சின்னக் கை பிடித்தது. இழுத்தது. அவள் ஊர்ந்தாள். வாசல். கூடம். குளிர்ந்த தரை.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது வாலு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முடி நுனி பொசுங்கியிருந்தது. வேறு ஒரு காயமும் இல்லை.

கதவில் இடி விழுந்தது. இரண்டு கையாலும் அடித்தான். உதைத்தான். ரப்பர் பட்டைக்கு மேலே ஆரஞ்சு வெளிச்சம் கோடாகத் தெரிந்து ஆடியது.

"திறடி! திற! வாலு! நான் அப்பா! அப்பாதான் கண்ணு!"

அவள் எழுந்து ஓடித் தாழ்ப்பாளைப் பிடித்தாள். சுட்டது. விரலை எடுக்காமல் பிடித்தாள். அவளுடைய கையின் மேல் பிள்ளையின் கை வந்து விழுந்தது.

"ஆறலைம்மா."

பிள்ளையின் வாயில் அவனுடைய குரல். அவன் பாடம் நடத்தும்போது வருகிற அதே நிதானம்.

"விடு வாலு. அப்பா உள்ள இருக்காரு."

"அவரே கத்தினாலும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

திறந்தால் தீக்குக் காற்று கிடைக்கும். பிள்ளை மேல் பாயும். அது உண்மை. திறந்தால் அவன் பிழைத்துக்கொள்வான். அதுவும் உண்மை. நாளைக்கோ அடுத்த மாதமோ ஒருநாள் "தீ!" என்று கத்துவான். சாகட்டும் என்று அவள் நினைத்தாள். அரையும் குறையுமாக இல்லை, வாய்விட்டுச் சொல்வது போல முழுசாக நினைத்தாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். விரல் தோல் கொஞ்சம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

தையல் மெஷின் நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, இன்னிக்கும் பயிற்சியா?"

உள்ளே அவன் அலறினான். பேச்சாக வராத அலறல்.

"ஆமாக்கா," என்றாள் அவள்.

"நல்லா இருக்கு உன் வீட்டுக்காரர் கூத்து. இன்னிக்கு என்ன அவரே கத்தறாரு?"

"பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கறார்க்கா."

ஜன்னல் மூடிக்கொண்டது. மெஷின் மறுபடி ஓடியது.

இடி குறைந்தது. தட்டாகியது. கீழே இறங்கியது, முழங்கால் உயரத்துக்கு, பிறகு தரையோரத்துக்கு. ஆரஞ்சுக் கோடு மங்கியது. இருட்டியது. தீ பட்டினி கிடந்து செத்தது, அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

அப்புறம் அதுவும் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடத்தில் யாரும் விளக்குப் போடவில்லை. முன்வாசல் கதவின் கீழே தெரிந்த வெளிச்சம் போய், தெருவிளக்கின் வெளிச்சம் வந்திருந்தது. மெஷின் சத்தம் எப்போதோ ஓய்ந்திருந்தது. கருகிய வாடை மட்டும் இருந்தது, அதில் எண்ணெய் வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது, அது என்ன என்று மூக்குக்குத் தெரிந்தாலும் அவள் மனசுக்குள் விடவில்லை. அவள் தவழ்ந்து போய்க் கதவைத் தொட்டாள். அவன் சொல்லிக்கொடுத்தபடி புறங்கையால் தொட்டாள்.

கதவு ஜில்லென்று இருந்தது. பானைத் தண்ணீர் மாதிரி. நிலை, தாழ்ப்பாள், எல்லாமே ஜில்லென்று இருந்தன. உள்ளே எரிய எதுவும் மிச்சமில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, அக்கா, யாரையாவது கூப்பிட வேண்டும். முதலில் கதவைத் திறக்க வேண்டும். அவள் தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினாள்.

டக் டக்.

கை அந்தரத்தில் நின்றது.

டக்.

இந்தத் தட்டில் அவசரம் இல்லை. வலி இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி தட்டுவது போல இருந்தது. தரையோரத்திலிருந்து இல்லை, ஆள் நின்று தட்டும் உயரத்திலிருந்து வந்தது.

"வாலு," என்றாள்.

வாலு இருட்டிலிருந்து எழுந்து வந்தாள். புறங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தாள். அந்த ஜில்லிப்பு அவளுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க முடியாது. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இன்னும் ஆறலைம்மா."

அப்படியே திரும்பி, கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அம்மாவைப் பார்த்தாள்.

டக் டக்.

ஒவ்வொரு தட்டுக்கும் அந்தச் சின்ன முதுகு லேசாக அதிர்ந்தது.